முத்திரை சீவிய கட்டை

போன மாதம், நான் வேலை பார்த்த பீர் ஆலையின் ஆய்வகத்திலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பின் என் நாற்காலிக்கு வந்தவள். ஆய்வகத்தைச் சுத்தம் செய்கிறார்களாம். மேல் அலமாரியில் ரப்பர் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று; அதற்குள் விரல் நீள மரத்துண்டு; வெளியே லேபிளில் 'கிருஷ்ணசாமி' என்று மட்டும் எழுதியிருக்கிறதாம்.

"ஆடிட்டர் கேக்கறார் மேடம். கெமிக்கல் பேர் இல்லாத எதையும் வச்சிருக்கக் கூடாதாம். யாரு மேடம் இது, சப்ளையரா?"

"எனக்கு மேலதிகாரியா இருந்தவர்."

"அப்ப தூக்கிப் போட்டுடவா?"

"போட்டா ஆட்டோ பிடிச்சு அங்க வந்து நிப்பேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இப்போது அங்கே புகை பீருக்கான புகை திரவமாகக் கேனில் வருகிறது. அளந்து ஊற்றினால் வேலை முடிந்தது. கேனில் வரும் புகைக்கு மரம் தெரிய வேண்டியதில்லை, நெருப்பு தெரிய வேண்டியதில்லை, மூக்கும் அவ்வளவாக வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஜாடி அலமாரியில் இருக்கத்தான் வேண்டும். ஏன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வேதியியலில் முதுகலை முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலை, திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியிலிருந்த இந்த ஆலையில். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "மருந்துக் கம்பெனி" என்று சொல்லிவந்தாள். எங்கள் தெருவில் பீரை மருந்தாகக் கருதியவர்கள் பலர் இருந்ததால் அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. முதல் சில வருடங்கள் பாட்டில் கழுவும் காரத்தை அளந்தேன். அடுத்த சில வருடங்கள் நுண்ணோக்கியில் ஈஸ்ட் எண்ணினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. பிறகு ருசிக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்தது, தலைமை பீர் தயாரிப்பாளராகக் கிருஷ்ணசாமி சார் வந்த அதே சமயத்தில்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். ஓங்கிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' இருந்தால் எல்லாம் சுகம். இரண்டானால் எதிரே நிற்பவர் யோசிக்க வேண்டும். மூன்றானால் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. சென்ட் போட்டுக்கொண்டு வந்தவரை ஆய்வக வாசலிலேயே, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். பீரை முகரும் முன் தன் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்துகொள்வார். சொந்த வாசனையில் மூக்கு ஓய்வெடுக்குமாம். எல்லோரும் கிளாஸைக் கீழே வைக்கும்வரை அவர் முகத்தில் எந்த மாற்றமும் இருக்காது. யாராவது வந்து, "சார், இது சரியில்லைன்னு எனக்குத் தோணுது" என்று ஆரம்பித்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "தோணறதைச் சொல்லாதீங்க. கிளாஸை வைங்க."

அவர் வந்து பல வருடங்கள் ஆன பிறகு பெங்களூரிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. அங்குள்ள பார்கள் சிலவற்றுக்குப் புகை பீர் வேண்டும், ஈஸ்டருக்குள்.

புகை பீர் என்றால் பீருக்குப் புகை போடுவதில்லை. பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தினால் மால்ட். இன்று வெறும் சூடான காற்றில் உலர்த்துகிறோம். ஒரு காலத்தில் விறகு நெருப்பின் மேல்தான் உலர்த்தினார்கள். அப்போது உலகத்தில் பாதி பீர் புகை பீராகத்தான் இருந்திருக்கும், யாரும் அதற்கென்று தனிப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். புகையில்லாத சூளை வந்ததும் அந்த ருசி போய்விட்டது. ஜெர்மனியில் ஒரு ஊர்க்காரர்கள் மட்டும் பிடிவாதமாக அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் எரிப்பது பீச் மரம். நம் ஊரில் பீச் என்றால் மெரினா; இது மரம், நம் நாட்டில் வளராதது. மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள் ஒன்று உண்டு. அது சுடர்விடாமல் கனியும்போது உடைந்து, நாம் 'புகை வாசனை' என்று அறிந்த பொருள்களாக மாறுகிறது. ஈரமான மால்ட்டின் தோலில் அவை ஒட்டிக்கொள்ளும். கொதித்தாலும் புளித்தாலும் போகாது. கடைசிக் கிளாஸ்வரை வரும்.

கிருஷ்ணசாமி சார் இளம் வயதில் அந்த ஜெர்மன் ஊரில் பயிற்சி பெற்றவர். பாய்லர் கட்டடத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக, புகை அறை ஒன்றைக் கட்டவைத்தார். கீழே நெருப்புக் குழி, மேலே கம்பி வலைத் தட்டு, தட்டில் லேசாக நீர் தெளித்த மால்ட். பார்த்துக்கொள்ள பாபு என்ற பாய்லர் தொழிலாளி. முதல் சோதனைக்கு வேலிக்காத்தான் விறகு போட்டார்கள். அந்தச் சிறு தொகுப்பு அருமையாக வந்தது. எங்கள் ருசிக் குழுவின் மூத்தவரான ஆரோக்கியம், பாட்டில் நிரப்பும் பிரிவின் மேற்பார்வையாளர், ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, நெத்திலிக் கருவாட்ட சுட்டு உள்ள போட்டா மாரி கீது."

"பிடிக்கலையா?"

"புடிக்கலன்னு யாரு சொன்னா? இன்னொரு கிளாசு ஊத்து."

கிருஷ்ணசாமி சார் மட்டும் திருப்திப்படவில்லை. "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இது அதில்லீங்க" என்றார். அந்த 'அது' அவருடைய இருபத்தைந்து வயதில், ஏதோ ஒரு ஜெர்மன் மேஜையின்மேல் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஆய்வகத்தில் பரிசோதனை கிடையாது. பெங்களூருக்கான பெரிய தொகுப்புக்கு வேறு மரம் வருகிறது என்று மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அந்த பீர் எட்டாம் டேங்கில் பக்குவப்பட்டுக்கொண்டிருந்தபோது தவக்காலமும் நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் எங்கள் ஆலைக்கே உரிய ஒரு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ருசிக் குழுவில் ஆறு பேர். அதில் நான்கு பேர், என்னையும் சேர்த்து, ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கத்தோலிக்கர்கள். விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர்வரை தவக்காலம்; எங்கள் ஆட்கள் குடிப்பதில்லை. வருடம் முழுக்கத் தள்ளாடி வீடு சேரும் ஆள்கூட அந்த நாற்பது நாளும் நேராக நடப்பான். சம்பளத்துக்குப் பீர் குடிப்பவர்கள் என்ன செய்வது? அந்த ஆர்டருக்குப் பல வருடங்களுக்கு முன் கிருஷ்ணசாமி சாரிடம் இந்தக் கேள்வியை எடுத்துப் போனவர் ஆரோக்கியம்தான்.

"சார், மோந்து பாக்கறது பாவமில்ல. வாய்ல வச்சிக்கிறது பாவமான்னு ஃபாதர் ரோசனை பண்றாரு. முழுங்குனா கன்ஃபார்மு."

சார் எழுந்து போய், தானே நான்கு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து தவக்காலத்தில் நாங்கள் நால்வரும் முகர்ந்து, வாயில் வைத்து, துப்புவோம். மற்ற இருவர் விழுங்குவார்கள். வைன் ருசிப்பவர்கள் துப்பலாம். பீருக்கு அது போதாது. கசப்பு அடிநாக்கில்தான் முழுதாகத் தெரியும். அதைவிட முக்கியம், விழுங்கிய பின் தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறும் வாசனை. சில குறைகள் அந்த வழியாக மட்டுமே வரும். அதற்குத்தான் அந்த இருவர்.

அந்த வருடம் அந்த இருவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனார், மற்றவருக்கு மஞ்சள் காமாலை. ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை எட்டாம் டேங்கின் பீரை நாங்கள் நால்வரும் முகர்ந்தோம், வாயில் வைத்தோம், துப்பினோம். புகை அழகாக இருந்தது. வேலிக்காத்தானைவிட மென்மை. தேர்ச்சி என்று அனுப்பினோம். வியாழக்கிழமை காலை கெக் உருளைகளில் நிரப்பி லாரி ஏற்ற வேண்டும்.

கிளாஸ்களைக் கழுவும் பெண் செவ்வாய் மதியமே ஊருக்குப் போய்விட்டாள். புதன் காலை நானே கழுவப் போனேன். காலிக் கிளாஸை முகராமல் கழுவக் கூடாது என்பது என் பழக்கம். பீர் வற்றிய கிளாஸில் எளிதாக ஆவியாவது போய்விடும், பிடிவாதமானது மட்டும் தங்கும். முதல் கிளாஸில் புகை இல்லை. வேறு ஒன்று இருந்தது. இரண்டாவதிலும் அதே. காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில், பஞ்சை எடுக்கும்போது அடிக்குமே, அந்த வாசனை.

கதவைச் சாத்தினேன். எட்டாம் டேங்கிலிருந்து கொஞ்சம் பிடித்து வந்து, சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினேன். முதலில் புகை. பிறகு கசப்பு. இரண்டும் மெல்ல விலகின. விலகிய இடத்தில் அது வந்து நின்றது. நாக்கில் அல்ல, மூக்கின் பின்புறத்தில். நின்றது போகவில்லை. இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் தண்ணீர். அப்போதும் போகவில்லை. (ஈஸ்டருக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதையும் ஒரு பாவமாகச் சொன்னேன். "எவ்வளவு?" என்றார் ஃபாதர். "இருபது மில்லி" என்றேன். "நல்லா இருந்ததா?" என்றார். "கேவலமா இருந்தது ஃபாதர்" என்றேன். "அப்ப தவ முயற்சியாவே வச்சிக்கலாம்" என்றார்.)

இந்த வாசனைக்கு முதல் சந்தேகம் தண்ணீர். புகையிலிருக்கும் பொருளோடு குளோரின் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், துளியின் துளி போதும். கரி வடிகட்டியைத் தாண்டி வரும் தண்ணீரைச் சோதித்தேன். குளோரின் இல்லை. வேலிக்காத்தான் பீரில் மீந்த பாட்டிலைத் திறந்தேன். அதே தண்ணீர், அதே ஈஸ்ட். சுத்தமாக இருந்தது. இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் மீதி. புகை அறைக்கு நடந்தேன்.

பாபு கரியை வாரிக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம், வெயில்ல இங்க?"

"பாபு, இந்தக் கட்டை எங்கேர்ந்து வந்துச்சு?"

"சாரே இட்டுகினு வந்தாரு. பேசின் பிரிட்ஜாண்ட பழைய மரக்கடை. ஜெர்மன் கட்டையாம், அம்மாந்தூரம் போய்ப் பொறுக்கினு வந்தாரு."

"ஜெர்மன் கட்டை அங்க எப்படி?"

"ஹார்பர்ல மிஷினு வந்து எறங்குதுல்ல, அந்தப் பொட்டிங்கதான். எங்க வூட்லகூட அதான் அடுப்புக்கு."

"பெட்டின்னா முத்திரை இருக்குமே. சூட்டு முத்திரை, எழுத்தெல்லாம் போட்டு?"

"அத்த கடைக்காரனே சீவிடுவான் மேடம். சீவுனாத்தான் கட்டில் கால் செய்றவன் வாங்குவான். பளபளன்னு கீது பாரு." அவன் ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "எதுனா பேஜாரா?"

"இன்னும் தெரியல. அந்தக் குவியலைத் தொடாதே."

கப்பலில் வரும் மரத்தோடு பூச்சி வந்துவிடக் கூடாது என்று நாடுகளுக்குள் ஒரு ஒப்பந்தம். பெட்டி மரத்தைச் சூடேற்ற வேண்டும், அல்லது மருந்துப் புகை ஏற்ற வேண்டும். எது செய்தார்கள் என்பதை முத்திரை சொல்லும். பூஞ்சை வராமல் இருக்கச் சிலர் அதற்கு மேலும் எதையாவது பூசுவார்கள். கிரேன்காரர் மகளுக்கு இது பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கட்டை அசல் பீச் மரம்தான். இழையில் சின்னச் சின்னக் கோடுகளைப் பார்த்தே சார் கண்டுபிடித்திருக்கிறார், தவறே இல்லை. பெயின்ட் இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்த்திருப்பார். அதற்குள்ளே என்ன ஊறியிருக்கிறது என்று சொல்ல வேண்டிய முத்திரையைத்தான் எவனோ சீவியிருந்தான்.

ஒரு சிராயை உடைத்து வந்து பீக்கரில் போட்டு, வெந்நீர் ஊற்றி, கண்ணாடித் தட்டால் மூடிவைத்தேன். சற்றுப் பொறுத்துத் தட்டை விலக்கினேன். கட்டுப் போடும் அறை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த மரத்தைத் தேடி வெயிலில் அலைந்தவர் அவர். அவரிடம் பேச நான் கற்றுக்கொண்டிருந்த ஒரே மொழியில்தான் சொல்ல முடியும். மூன்று கருப்புக் கிளாஸ்களை எடுத்தேன். இரண்டில் வேலிக்காத்தான், ஒன்றில் எட்டாம் டேங்க். முக்கோணச் சோதனை என்போம்: மூன்றில் எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தட்டில் வைத்து எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

முழங்கை மடிப்பை முகர்ந்துகொண்டார். இடமிருந்து வலமாக மூன்றையும் முகர்ந்தார். பிறகு ஒவ்வொன்றாக விழுங்கினார். நடுக் கிளாஸுக்கு மட்டும் இரண்டாம் முறை போனார். முகத்தில் ஒன்றுமில்லை.

"நடுவுல இருக்கறது வேறங்க."

"எப்படி வேற சார்?"

"ஆஸ்பத்திரிங்க." கிளாஸைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். "எட்டுங்களா?"

"ஆமா சார்."

"தண்ணிங்களா?"

"தண்ணி சுத்தம் சார்."

கூடக் கொண்டுபோயிருந்த பீக்கரை அவர் முன் நகர்த்தினேன். மிதந்துகொண்டிருந்த சிராயை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பது விரல்களில் தெரிந்தது. கண்ணாடித் தட்டை விலக்கி ஒரு முறை மூச்சிழுத்தார். அப்புறம் மூடினார், தூங்கும் குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோல. "டேங்கைப் பூட்டுங்க அம்மிணி" என்றார்.

பூட்டிய செய்தி பொது மேலாளருக்கு எட்ட அரை மணி ஆகவில்லை. கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"என்ன சார் இது? புகை பீர்ல புகை வாசனை வராம மல்லிகை வாசனையா வரும்? பெங்களூர்ல எவனுக்குத் தெரியப்போவுது?"

"புகை இல்லீங்க. மருந்துங்க."

"சரி, சாதா பீரோட கலந்து விட்டுடலாம். ஒண்ணுக்கு நாலு."

"கலந்தா அஞ்சு டேங்க் கெட்டுப்போகுமுங்க. இது பத்து மடங்கு தண்ணி ஊத்தினாலும் தெரியற சமாச்சாரமுங்க."

"தெரிஞ்சா என்ன, செத்தா போயிடுவாங்க?"

"அது எனக்குத் தெரியலீங்களே. அந்தக் கட்டையில என்ன ஊறியிருக்குதுன்னு யாருக்குமே தெரியாதுங்களே. தெரியாததை ஒருத்தன் வாயில ஊத்த என்னால முடியாதுங்க."

நான் 'ங்க'வை எண்ணிக்கொண்டிருந்தேன். பொது மேலாளருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க குழு நேத்து பாஸ் பண்ணியிருக்கே மேடம்?"

"துப்பிப் பார்த்த குழு சார். விழுங்கினா மட்டும்தான் இது தெரியுது."

"ஏன் துப்பினாங்க?"

"தவக்காலம் சார்."

அவர் முகம் மெல்லத் தெளிந்தது. தப்பிக்க ஒரு வழி தெரிந்துவிட்ட முகம். குரலைத் தாழ்த்தி, கிருஷ்ணசாமி சாரிடம் மட்டும் பேசுவதுபோலப் பேசினார். "அப்ப சொல்லிடலாம் சார். ருசிக் குழு மதக் காரணத்தால ஒழுங்கா சோதிக்கல. ஹெட் ஆபீஸுக்கு அது போதும். குழுவைக் கலைச்சுட்டு வேற ஆள் போட்டுக்கலாம். உங்க மரம் இதுல வரவே வேண்டாம். இல்லன்னா அவங்களை இப்பவே கூப்பிட்டு முழுங்கச் சொல்லுங்க. நாலு பேரும் கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டும், சாக்கடையில ஊத்திடலாம். ரெண்டு மூக்கை நம்பி ஒரு டேங்கை ஊத்த முடியாது."

விதிப்படி அவர் சொன்னது சரி. டேங்கை நிராகரிக்க நான்கு பேர் வேண்டும். ஆரோக்கியம் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. அந்த மனிதரின் மற்ற பத்தரை மாதங்கள் எப்படிப்பட்டவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி நிம்மதியாகத் தூங்குவது இந்த நாற்பது நாள்தான்.

"சார்," என்றார், மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு. "ஒரு வாய்தானே. வேலைன்னா முழுங்கிட்றேன். ஆனா உள்ள போச்சின்னா நான் அந்த ஒரு வாயோட நிக்கமாட்டேன். அது எனக்கே தெரியும்."

கிருஷ்ணசாமி சார் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வேண்டாமுங்க ஆரோக்கியமுங்க. நீங்க கீழ போயி வேலையைப் பாருங்க." பிறகு பொது மேலாளரிடம்: "மரத்தை வாங்கினது நானுங்க. வாளியைக் கொண்டுவந்து வச்சதும் நானுங்க. விழுங்கற ஆள் ரெண்டு பேரும் இல்லைன்னு தெரிஞ்சும் மாத்து ஆள் போடாம விட்டதும் நானுங்க. தலைமைத் தயாரிப்பாளர் சொந்தப் பொறுப்புல ஊத்தலாமுன்னு விதி இருக்குதுங்க. நான் ஊத்தறேனுங்க."

அந்த விதி உண்டு. யாரும் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினால் அடுத்த கேள்வி, பயன்படுத்தியவரைப் பற்றித்தான் வரும்.

நல்ல பீரை விற்க ஒரு கையெழுத்து போதும். கெட்ட பீரைக் கொட்ட மூன்று வேண்டும். கலால் அதிகாரி வந்து நின்று பார்க்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கழிவுநீர்த் தொட்டியில் வேலை செய்யும் பாக்டீரியா செத்துவிடும் என்பதால், வியாழன் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவே விட்டோம். சாக்கடை மூடிகள் வழியாக அந்த வாசனை ஆலை முழுக்க ஏறியது. அசல் பீச் மரப் புகை. திறந்த வெளியில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சார் வால்வு பக்கத்திலேயே, நாற்காலிகூடப் போடாமல் நின்றிருந்தார். அதிகாரி மூக்கை உறிஞ்சி, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். "ஆமாங்க" என்றார் கிருஷ்ணசாமி சார். "அதுதானுங்க."

பெங்களூர் ஆர்டர் போனது. புகை அறையை இடித்தார்கள். மழைக்காலத்துக்குள் அவரை, ருசிக் குழுவே இல்லாத ஒரு கிடங்குக்கு மாற்றினார்கள். எங்கள் குழுவை யாரும் தொடவில்லை. கலைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அதை அவர் ஏற்கெனவே தன்மேல் எடுத்துக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற அன்று ஆய்வகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் கட்டையில் ஒரு துண்டை எடுத்து, ஜாடியில் போட்டு மூடினார். புதிதாக வருகிறவர்களுக்கு முகரக் கொடுக்க வேண்டும், முகர மட்டும், என்றார். லேபிள் ஒன்றை எடுத்துத் தன் பெயரை எழுதினார்.

"சார், பேர் வேண்டாமே," என்றேன். "மரக் குறைன்னு எழுதினாப் போதும்."

அவர் லேபிளை ஒட்டி, கட்டை விரலால் ஓரங்களை அழுத்தினார்.

"பேரைச் சீவினதாலதானுங்க அம்மிணி இவ்வளவும். இதுலயாவது இருக்கட்டுங்க."